இமேஜ் பேக்கப் 63 சதவீதத்தில் நின்றுவிடுகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. வீட்டுக் கணினியின் சி டிரைவை அப்படியே இமேஜாக (முழு டிரைவின் நகலாக) எடுத்து வெளி ஹார்ட் டிஸ்கில் வைக்கப் பார்க்கிறேன். மூன்று முறையும் 63 சதவீதத்தில் 'ரீட் எரர்' என்று நின்றுவிட்டது. வெளி டிஸ்க் முதலில் ஃபேட்32 என்ற கோப்பு முறையில் இருந்தது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால் என்டிஎஃப்எஸ்ஸுக்கு மாற்றினேன். கேபிளையும் மாற்றியாகிவிட்டது. அப்புறம் ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் பட்டியலைத் திறந்தால், 'பெண்டிங் செக்டார்' (சரியாகப் படிக்க முடியாத சிறு பகுதிகள்) வரியில் 8 என்று காட்டுகிறது. எப்போதும் ஒரே இடத்தில் நிற்பதால், கோளாறு உள்ளே இருக்கும் டிஸ்கில்தான் என்று நினைக்கிறேன்.

மகளின் முதல் வருடப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. வேறு நகல் கிடையாது.

இப்போது செக்டிஸ்க் (விண்டோஸில் டிஸ்க் பிழைகளைத் தேடிச் சரிசெய்யும் கருவி) ஓட்டலாமா, இல்லை அது டிஸ்கை இன்னும் படுத்திவிடுமா? கெட்ட செக்டார்களைத் தாண்டி இமேஜ் எடுப்பதா, படங்களை மட்டும் முதலில் நகலெடுப்பதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். அதுவரை கணினியை அணைத்தே வைத்திருக்கிறேன்.