மொறிஸ் மைனர்: பாடியைத் தூக்கி வைத்துவிட்டு செசியைத் தனியாகச் செய்ய வேண்டும், வீட்டு வளவில் முடியுமா?

கல்லடிப் பொடியன்

எல்லோருக்கும் வணக்கம். அப்பப்பாவின் மொறிஸ் மைனர் 1000 எங்கள் பின்வளவுக் கொட்டிலில் நிற்கிறது. 1960 மொடல், நாலு கதவு, 948 சிசி, ஸ்ரீ நம்பர். எஞ்சின் இறுகவில்லை, கையால் சுற்றலாம். சாரதி பக்கத் தரை ஓட்டை. கதவுக்குக் கீழே ஓடுகிற சில் பெட்டியைத் தட்டினால் துரு கொட்டுகிறது. முன் மட்காட் இரண்டும் பரவாயில்லை.

வெளிநாட்டு வீடியோக்களில் பாடியை அப்படியே தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, செசியை, அதாவது அடிச்சட்டத்தை, மணல் அடித்துப் பெயின்ற் பண்ணி மறுபடி இறக்குகிறார்கள். அதே முறையில் செய்யத்தான் ஆசை. தகரக் கூரை போட்ட இடம் இருக்கிறது, மச்சானிடம் ஆர்க் வெல்டிங் செற் இருக்கிறது. பாடியைத் தூக்க எத்தனை பேர் வேண்டும்? கூரை மரத்தில் செயின் புளொக் கட்டினால் தாங்குமா? எதை முதலில் கழற்றுவது? அடுத்த மாரிக்கு முன் முடிக்க வேண்டும்.

அக்கரைப்பற்று காக்கா

தம்பி, செயின் புளொக்கை எஞ்சினுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மைனரில் தூக்குவதற்குத் தனிப் பாடி கிடையாது. 1948இல் வெளிவந்த அந்த வண்டியை, வடிவமைப்பாளர் இசிகோனிஸ் வரைந்தபோதே தரை, சில், தூண், கூரை எல்லாம் ஒன்றாக வெல்ட் பண்ணிய கூடாகத்தான் வரைந்தார். பொனட்டுக்குள் செசி மாதிரித் தெரிகிற இரண்டு கால்களும் தரையோடு சேர்ந்தவை. ஒஸ்டின் ஏ40 சமர்செற், ட்ரையம்ப் ஹெரால்ட், பழைய லேண்ட் ரோவர் என்றால் நீங்கள் சொல்கிற வேலை சரி, அவற்றுக்குச் செசி தனி. மைனரில் நீங்கள் துருப்பிடித்தது என்று சொல்கிற சில்தான் செசியின் வேலையையும் செய்கிறது.

முன் சீற்றுகளுக்குக் கீழே குறுக்காக ஒரு பெட்டி போகும். முன் ரோர்ஷன் பார்களின் (முறுக்கி வில்லாக வேலை செய்கிற கம்பிகளின்) பின்முனை அதில்தான் பிடிபட்டிருக்கிறது. அதன் இரண்டு நுனியையும், பின் இலை வில்லின் முன் பிடிமானத்தையும் பழைய ஸ்க்ரூட்ரைவரால் நன்றாகக் குத்திப் பாருங்கள். மறுகா முன் கதவைப் பாதி திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். பிணைச்சல் ஆடுகிறதா என்று சொல்லுங்கள்.

கல்லடிப் பொடியன்

இது எனக்குப் பெரிய அதிர்ச்சி காக்கா! குத்திப் பார்த்தேன். குறுக்குப் பெட்டியின் வலது நுனியில் ஸ்க்ரூட்ரைவர் உள்ளே போய்விட்டது, இடது நுனி உறுதி. வில் பிடிமானங்கள் நல்லம். பிணைச்சல் ஆடவில்லை. ஆனால் வலது முன் கதவின் பின் விளிம்பு மேலே உரசுகிறது, கீழே விரல் போகிற அளவு இடைவெளி.

கல்முனை டிங்கர்

பிணைச்சல் ஆடாமல் மேலே உரசுகிறது என்றால் கூடு நடுவில் தொய்ந்துவிட்டது. இந்த நிலையில் கதவைக் கழற்றி, கண்ணாடியைக் கழற்றி, சில்லை வெட்டினால் வண்டி அந்தத் தொய்விலேயே இறுகிவிடும். பிறகு எந்த பாஸ் வந்தாலும் கதவு பூட்டாது. இங்கே வருகிற மைனர்களில் பாதி இப்படி வெட்டிக் கெட்டவைதான்.

கதவுகள் மாட்டியபடியே இருக்கட்டும். வண்டியை மட்டமான கொங்கிறீற்றில் நிறுத்தி, முன்னும் பின்னும் உறுதியான இடத்தில் ஸ்டாண்ட் கொடு. ஜக் வைக்கிற பழைய துளையை நம்பாதே, அது உக்கின பெட்டியின் நுனியில்தான் இருக்கிறது. நடுத் தரைக்குக் கீழே நீளமான பலகை வைத்து, ஜக்கால் மெதுவாக உயர்த்து. கதவு இடைவெளி மேலும் கீழும் ஒன்றாக வரும்போது நிறுத்து. அப்போது முன் தூணுக்கும் நடுத் தூணுக்கும் இடையில் ஓர் அங்குலப் பெட்டிக் கம்பியை வெல்ட் பண்ணு. கதவு திறந்து மூட இடம் விட்டு உள்பக்கமாகப் போடு. இடது தூணிலிருந்து வலது தூணுக்கும் குறுக்கே ஒன்று. மூலைக்கு மூலை அளந்து சுவரிலேயே எழுதி வை.

வெட்டுவது ஒரு பக்கம் மட்டும். குறுக்குப் பெட்டி நுனி முதலில், பிறகு உள் சில், தரை, கடைசியாக வெளிச் சில். அது முழுதாக முடிந்த பிறகுதான் மற்றப் பக்கத்தில் கிரைண்டர் படலாம்.

குறுக்குப் பெட்டியைத் தொட முன்னர் ரோர்ஷன் பாரின் முறுக்கை இறக்க வேண்டும். முன் சக்கரத்தைப் பிடிக்கிற கீழ்க் கைக்கு ஜக் கொடுத்து, மேலே சொக் அப்சோபர் கையைக் கழற்றி, ஜக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கு. முகத்தை அந்தப் பக்கம் வைக்காதே, முறுக்கோடு விட்டால் எலும்பை முறிக்கும். கழற்ற முன் பாரின் நுனிப் பல்லில் பெயின்ற் அடையாளம் போடு. இடது பாரை வலதுக்கு மாற்றிப் போடக்கூடாது, ஒரு பக்கம் முறுக்கிப் பழகியது மறுபக்கம் உடையும்.

பார் வெளியே இருக்கும்போதே பிரேக் மாஸ்டர் சிலிண்டரையும் பார்த்துவிடு. சாரதியின் காலடியில், காக்கா சொன்ன அந்தச் செசிக் காலுக்குள்தான் இருக்கிறது. மற்ற நேரத்தில் அதன் போல்ற்றை இழுக்க அந்தப் பார்தான் வழிமறிக்கும்.

மச்சானின் ஆர்க் செற் கம்பிக்குச் சரி. தகரத்துக்கு வேண்டாம், அப்பத்தைச் சுட்ட மாதிரி ஓட்டை விழும். மிக் வெல்டர் வாடகைக்கு எடு. பெற்றோல் டாங்கி டிக்கித் தரைக்குக் கீழே இருக்கிறது, வெல்டிங்குக்கு முன் கழற்றி வளவுக்கு வெளியே வை. காலியான டாங்கிதான் அதிக ஆபத்து, உள்ளே ஆவி நிற்கும்.

ஓட்டமாவடி

இவ்வளவும் எதற்கு? தகரத்தை வைத்து ரிவெற் அடித்து, புட்டி தடவி, ஓடுங்கள். எங்கள் வண்டி அப்படித்தான் ஓடுகிறது.

கல்முனை டிங்கர்

ஓடும். பிரேக் பிடிக்கிற அன்றைக்குச் சொல்லுங்கள்.

களுவாஞ்சிக்குடி

பொடியன், மணல் அடிக்கிறது பற்றி ஒருவரும் சொல்லவில்லை. கடல் மணல் வீட்டு வாசலில் இருக்கிறது என்று அதை எடுத்து அடித்துவிடாதீர்கள். அதில் உப்பு, இரும்பில் ஒட்டி உள்ளேயே அரிக்கும். ஆற்று மணலும் வேண்டாம், அந்தத் தூசு நுரையீரலில் தங்கிவிடும், சிலிக்கோசிஸ் வந்தால் மருந்து இல்லை. பெரிய தகட்டில் வேகமாக அடித்தால் தகடும் வளையும். வீட்டில் கம்பித் தூரிகையும் துரு நீக்கியும் போதும்.

கல்லடி கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிறது. மாலையில் சுத்தம் பண்ணிய தகடு காலையில் மஞ்சளாகிவிடும். அன்று சுரண்டிய இடத்துக்கு அன்றே எபொக்சி பிரைமர் அடியுங்கள். சில் பெட்டிக்குள் வெல்டிங் முடிந்ததும் மெழுகு எண்ணெய் விடுங்கள், அடியில் தண்ணீர் வடிகிற துளைகளை அடைக்காதீர்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை எந்தப் பெயின்ற்றும் வேண்டாம், ஈரம் உள்ளே அகப்பட்டுக்கொள்ளும். கச்சான் காற்றுக் காலத்தில் தூசு. பெப்ரவரி, மார்ச்தான் நல்ல நேரம்.

அதனால் இந்த மாரிக்கு முன் எல்லாம் முடியும் என்று நினைக்காதீர்கள். வெல்டிங்கும் பிரைமரும் முடிந்தால் பெரிய காரியம். மாரியில் கொட்டிலுக்குள் எஞ்சின், வயரிங், பிரேக் பார்க்கலாம். கடைசிக் கோட் ரூகே (ஹார்ட்னர் கலந்து அடிக்கிற 2K) பெயின்ற் என்றால் கடையில் கொடுங்கள். அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேற் இருக்கிறது, துணி முகமூடி அதைத் தடுக்காது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

ஆரையம்பதி அக்கா

தம்பி, பதிவுப் புத்தகம் யார் பெயரில்? அப்பப்பா பெயரிலேயே இருந்தால் காசு போட முன் அதை மாற்றுங்கள். செசி நம்பர்த் தகடு பொனட்டுக்குள் இருக்கும், துரு சுரண்டுகிற கையோடு அது போய்விட்டால் பிறகு எதைக் காட்டி நிரூபிப்பது? படம் எடுத்து, கழற்றி, புத்தகத்தோடு வையுங்கள். எஞ்சினையோ நிறத்தையோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் யப்பான் எஞ்சின் போட்டுவிட்டு அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும்.

அக்கரைப்பற்று காக்கா

பாகங்களுக்குக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளுக்குப் போக முன் இங்கே பழைய மைனர்க்காரர்களைக் கேளுங்கள். 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மைனர் கடை ஒன்று நம் நாட்டிலேயே பாடித் தகடுகள் செய்வித்தது, அவை இன்னும் சிலரிடம் கிடக்கின்றன. இன்னொன்று, வண்டியில் யாரும் மாற்றியிருக்காவிட்டால் பற்றறியின் பொசிற்றிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். மாற்றிக் கொடுத்தால் ரேடியோ இருந்தால் அது போகும், டைனமோவையும் மறுபடி துருவப்படுத்த வேண்டிவரும்.

கல்லடிப் பொடியன்

எல்லோருக்கும் நன்றி. செயின் புளொக்கை மச்சானிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. கடைசியாக ஒன்று: தொய்வை நிமிர்த்த முன் எஞ்சினை இறக்குவதா, பிறகா?

கல்முனை டிங்கர்

முன்னர். பாரம் குறைந்தால் கூடு லேசாக நிமிரும். கியர்பொக்ஸும் சேர்த்து இறக்கு, அந்த மர உத்தரத்தில் கட்டாதே, மூன்று கால் இரும்பு ஸ்டாண்ட் வாடகைக்கு எடு. ரேடியேற்றர், பொனட், சீற் எல்லாம் கழற்றலாம். கதவு மட்டும் வேண்டாம். ஜக் வைக்கிற அன்றைக்கு இரண்டு பக்கக் கதவு இடைவெளியையும் படம் எடுத்துப் போடு, பார்த்துச் சொல்கிறேன்.