பழைய மடக்குக் கத்தி கிடைத்தால் முதலில் எங்கே பார்ப்பது?

பழைய பேனாக்கத்தி கிடைத்திருக்கிறது, என்ன விலை போகும் என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் கைப்பிடியைத்தான் படம் எடுத்து அனுப்புகிறார்கள். கத்தியின் ஜாதகம் கைப்பிடியில் இல்லை. அலகைத் திறந்து, அது பிடிக்குள் நுழையும் அடிப்பகுதியைப் பாருங்கள். செய்தவர் பெயர், ஊர், முத்திரை எல்லாம் அங்கேதான் பொறித்திருக்கும். எழுத்து மங்கியிருந்தால் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படியுங்கள். சுரண்ட வேண்டாம்.

குன்னூரில் ஒரு பழைய சாமான் கடைக்கு நான் அடிக்கடி போவேன். எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது வந்த தகர டப்பா அங்கே இருந்தது. பூட்டு, ஸ்பூன், சாவிக்கொத்து இவற்றுக்கு நடுவே இரண்டு அலகுள்ள சின்னக் கத்தி. அலகு இரண்டும் கறுத்திருந்தன. வெளிச்சத்தைச் சாய்த்ததும் ஒரு நட்சத்திரமும் பக்கத்தில் மால்டீஸ் சிலுவையும் தெரிந்தன. கத்திக்குப் பேர்போன இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராஜர்ஸ் அண்ட் சன்ஸ் கம்பெனியின் முத்திரை அது! அதோடு 'கட்லர்ஸ் டு ஹிஸ் மெஜஸ்டி', அதாவது மன்னருக்குக் கத்தி செய்பவர்கள், என்ற வரியும் இருந்தது.

காலத்தைக் கண்டுபிடிக்க அந்த ஒரு வரியே பெரிய உதவி. 'ஹிஸ்' என்றால் ஆண்டவர் மன்னர்; விக்டோரியா ராணி ஆண்ட 1837 முதல் 1901 வரையும், எலிசபெத் ராணி ஆண்ட 1952 முதல் 2022 வரையும் 'ஹர் மெஜஸ்டி' என்றுதான் போட்டிருக்க வேண்டும். கூடவே 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயரும் இருந்தது. அமெரிக்காவின் 1890 மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றது. அதற்குப் பிறகுதான் ஷெஃபீல்டு கத்திகளில் நாட்டின் பெயர் பரவலாக வந்தது. ஆக, இந்தக் கத்தி 1901-க்கும் 1952-க்கும் இடைப்பட்டது. 'ஸ்டெயின்லெஸ்' என்றும் பொறித்திருந்தால் இன்னும் நெருங்கியிருக்கலாம். ஹாரி பிரியர்லி அந்த எஃகை ஷெஃபீல்டில் உருவாக்கியது 1913-இல். ஆனால் அந்தச் சொல் இல்லை என்பதாலேயே அதற்கு முந்தையது என்று சொல்லிவிட முடியாது, துருப்பிடிக்கும் பழைய வகையான கார்பன் எஃகுக் கத்திகளைப் பிறகும் நிறையச் செய்தார்கள்.

கடைக்காரர் 400 ரூபாய் சொன்னார். பேரம் பேசாமல் கொடுத்தேன். மனதைச் சங்கடப்படுத்தியது அவர் அடுத்து எடுத்துக் காட்டிய கத்திதான். அதுவும் ஷெஃபீல்டு, மூன்று அலகு. மெஷினில் கொடுத்துக் கண்ணாடி மாதிரி தேய்த்து வைத்திருந்தார். முத்திரை பாதி அழிந்து, அலகின் விளிம்புகளும் மழுங்கியிருந்தன.

"பாய், இனிமே வர்றதைத் தேய்க்காதீங்க" என்றேன்.

"பளபளன்னு இருந்தாத்தானே தம்பி டூரிஸ்ட் வாங்குறான்?"

"தேய்க்காம வச்சா நான் கூடவே தர்றேன் பாய்."

இப்போது அவர் தேய்ப்பதில்லை. அந்தச் சாம்பல் கறுப்பு நிறம் அழுக்கு இல்லை, அலகுக்கு அது ஒரு கவசம். சிவப்பாக உதிர்ந்து வரும் துருவை மட்டும் எண்ணெய் தொட்ட துணியால் எடுத்தால் போதும்.

வெலிங்டன் பக்கம் ஓய்வுபெற்ற தோட்டக்காரர் ஒருவர் கிளை நறுக்கும், வளைந்த அலகுள்ள கவாத்துக் கத்தி ஒன்றைக் கொண்டுவந்தார். அடியில் 'சேய்னர்' என்ற பெயர். தோட்டக் கத்திகளில் மதிப்புள்ள ஷெஃபீல்டு பெயர்தான். "லட்சம் போகும்னு பேரன் சொல்றான், நிசமா தம்பி?" என்று கேட்டார். பல வருஷம் சாணை பிடித்ததில் அலகு பாதி அகலத்துக்குக் குறைந்திருந்தது. "சேகரிக்கிறவங்க இதுக்குப் பெரிய விலை தர மாட்டாங்க ஐயா, வேலைக்கு மட்டும் இன்னும் நல்லா உழைக்கும்" என்று சொன்னேன். பெரிய பெயரைப் பார்த்ததுமே ஆசை காட்டுவது தவறு. தேய்மானம்தான் விலையைத் தீர்மானிக்கிறது. இரண்டு அலகுக் கத்தியில் இதைக் கண்டுபிடிப்பது சுலபம். சின்ன அலகை அதிகம் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள். நகம் வைக்கும் பள்ளத்துக்கும் வெட்டும் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை இரண்டிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் அலகை மெதுவாகத் திறந்து மூடுங்கள். 'டக்' என்று உட்கார வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது.

கொடைக்கானலில் இருக்கும் நண்பருக்குக் கிடைப்பதெல்லாம் வேறு வகை. அமெரிக்க மிஷனரிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக 1901-இல் பள்ளி தொடங்கிய ஊர் ஆயிற்றே, அவருக்கு அமெரிக்கக் கத்திகள் வருகின்றன. ஒரு தடவை பென்சில்வேனியாவின் கேஸ் கம்பெனிக் கத்தி ஒன்றைக் காட்டினார். 'கேஸ் எக்ஸ் எக்ஸ் யு.எஸ்.ஏ.' என்ற எழுத்துக்குக் கீழே ஏழு புள்ளிகள். அந்தக் கம்பெனி 1970-இல் பத்துப் புள்ளி வைத்து, வருஷத்துக்கு ஒன்றாகக் குறைத்தது. அப்படியானால் இது 1973. 1980-இல் மறுபடி பத்திலிருந்து தொடங்கியபோது எஸ் எழுத்தை மின்னல் வடிவத்துக்கு மாற்றினார்கள், அதனால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. இவ்வளவு தெளிவாகத் தன் வயதைச் சொல்லும் கத்தி வேறு எதுவும் என் கைக்கு வந்ததில்லை.

கைப்பிடி விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். எலும்பில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகளும் கோடுகளும் தெரியும், தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் தெரியும். ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார்க்கச் சொல்வார்கள், செய்யாதீர்கள். பிடி செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்காக இருந்தால் தீப்பிடித்துவிடும். தந்தம் என்று தெரிந்தால் விலையே பேசாதீர்கள், 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வாங்குவதும் விற்பதும் குற்றம். கொம்புப் பிடியையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். ஷெஃபீல்டு பிடிகளுக்கான மான்கொம்பில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து கப்பலேறிய கடமான் கொம்பு. அந்த மாதிரி கத்தி வந்தால் வனத்துறையிடம் கேட்காமல் பணம் கொடுப்பதில்லை என்று வைத்திருக்கிறேன்.

நம் மலை ஈரத்தில் கத்தியைத் தோல் உறைக்குள் போட்டு வைத்தால் உறை ஈரத்தைப் பிடித்துத் துருவைக் கொண்டுவரும். உலர்ந்த துணியில் சுற்றி வையுங்கள். மூட்டில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், ஊட்டிக் குளிரில் உறைந்து அலகைத் திறக்க விடாது.