ஹூண்டாய் ஐ20 என் லைன் காருக்கு டயர்: 195/55 ஆர்16-ல எது வாங்கலாம்?

அண்ணே, நாலு டயரும் மாத்தணும். கம்பெனி அளவு 195/55 ஆர்16 (அகலம் 195 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதுல 55%, ரிம் 16 இன்ச்). முன் ரெண்டும் 1.6 மி.மீ. கட்டை (டயர் பள்ளத்துக்குள்ள இருக்கிற தேய்மான அடையாளம்) வரைக்கும் வந்தாச்சு. உள்ஓரம்தான் ரொம்பத் தேஞ்சிருக்கு, தடவினா ரம்பப் பல்லு மாதிரி கையில குத்துது. டோ (சக்கரம் உள்பக்கமாவோ வெளிப்பக்கமாவோ திரும்பி நிக்கிற கோணம்) விலகியிருக்கணும், அலைன்மென்ட் சரி பண்ணாம புது டயர் ஏத்தினா அதுவும் இப்படித்தான் போகும்.

கடையில 205/55 போடச் சொல்றாங்க. விட்டம் 621-லிருந்து 632 மி.மீ. ஆயிடும். குழிக்கு நல்லதுதான், ஆனா திருப்பத்துல வண்டி மந்தமாகும். மனசு வரல.

காரைக்குடி, தேவகோட்டை, பிள்ளையார்பட்டி, அப்பப்ப மதுரை. இதான் ஓட்டம். பக்கச்சுவர் மெல்லிசா இருந்தா குழியில அடிபட்டு உள்நூல் அறுந்து புடைச்சுக்கும், அப்புறம் தூக்கிப் போடறதுதான். ஐப்பசி மழையில பிடிப்பும் வேணும், சத்தம் கொஞ்சம் இருந்தாலும் பரவாயில்லை.

மிச்செலின், யோகோஹாமா, அப்பல்லோ மூணுல இதே அளவு ஓட்டுறவங்க எத்தனை கிலோமீட்டர் வந்துச்சுன்னு சொல்லுங்க. காரைக்குடிப் பக்கம் புது ஸ்டாக் வைக்கிற கடை இருந்தாலும் சொல்லுங்க. டயர் பக்கவாட்டுல தயாரிப்பு வாரம் காட்டுற நாலு எண்ணைப் பாத்துதான் வாங்குவேன் (1024-னா 2024-ல 10-வது வாரம்). ஆறு மாசத்துக்கு மேல பழசு வேணாம்.