மறு: இரை போட்டு வீச்சுவலையில் இறால் பிடிப்பதற்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம். ஆங்கிலத்தில் 'ஷ்ரிம்ப் பெய்ட்டிங்' எனப்படும் இந்த முறைக்கும் அது சார்ந்தவற்றுக்கும் நாம் தொகுக்கும் சொற்பட்டியலுக்கு வந்த யோசனைகள் பற்றி எழுதுகிறேன்.

> 'இறால் இரை மீன்பிடி' என்று வைக்கலாமா?

பொருள் தலைகீழாகிவிடும். கொடுவா மீன் பிடிக்கிறவரிடம் 'இறால் இரை' என்று சொல்லிப் பாருங்கள். உயிர் இறாலைத் தூண்டிலில் மாட்டுவதாகத்தான் எடுத்துக்கொள்வார். இங்கே இரை தின்பதே இறால். 'தூண்டில்' என்று வரும் சொற்களையும் விட்டுவிடலாம். இதில் முள்ளே கிடையாது.

நடப்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம். அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1988 முதல் இதற்கென்றே சட்டம் உண்டு. செப்டம்பர் நடுவாக்கில் தொடங்கும் 60 நாள் பருவம், தனி உரிமம். மீன்தூளைக் களிமண்ணோடு பிசைந்து, வடை மாதிரி தட்டி, ஆழம் குறைந்த கழிமுக நீரில் போடுகிறார்கள். மண் சேர்ப்பதால் தூள் உடனே கரைந்து நீரோட்டத்தோடு போய்விடாது. போட்ட இடம் தெரிய ஒரு கழியை ஊன்றுகிறார்கள். படகுக்கு 10 கழிதான், வரிசை முழுதும் 100 கஜத்துக்குள் அடங்க வேண்டும். சற்றுப் பொறுத்து, படகை வரிசையோடு நகர்த்தியபடி கழிக்குக் கழி வலை வீசுகிறார்கள். வலையின் கண்ணி அரை அங்குலச் சதுரத்துக்குக் குறையக் கூடாது.

> 'பெய்ட்டிங் போல்' = இரைக்கழி

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கழியில் இரையைக் கட்டித் தொங்கவிட்டதாக ஒரு படம் வந்துவிடுகிறது. கழி வெறும் அடையாளம். 'இரையிடு கழி' என்றால் அந்தக் குழப்பம் குறையும். வினைத்தொகை என்பதால் இடையில் ஒற்றும் மிகாது. இதே அச்சில் இரையிடு பருவம், இரையிடு உரிமம் எல்லாம் தானாகவே வந்துவிடும். செயலுக்கு 'இறாலுக்கு இரையிடல்'. அந்த நான்காம் வேற்றுமை உருபான 'கு'வை விட்டுவிட வேண்டாம், 'இறால் இரை' என்ற பழைய சிக்கல் திரும்ப வரும். 'இரைவைப்பு' என்பதும் நல்ல சொல்தான். எனக்கென்னவோ வைப்பு என்றாலே வங்கி நினைவு வருகிறது.

இவ்வகை மீன்பிடியை ஆங்கிலத்தில் சொல்லும் 'ரிக்ரியேஷனல்' என்பதற்குப் 'பொழுதுபோக்கு' போதுமா? படகுக்கு ஒரு நாளில் தலை நீக்காத இறாலாக 48 குவார்ட், அதாவது 45 லிட்டர் அளவுக்குப் பிடிக்கலாம். அதைப் பொழுதுபோக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. பிடித்ததை விற்கக் கூடாது என்பதுதான் சட்டம் போடும் கோடு. ஆகவே 'விற்பனைசாரா மீன்பிடி' என்கிறேன். 'வீட்டுத் தேவை' என்றால் வயிற்றுப்பாட்டுக்குப் பிடிப்பவர்களோடு கலந்துவிடும், அவர்கள் கதை வேறு.

வலைக்கு ஏன் புதுச்சொல் தேடுகிறோம் என்று புரியவில்லை. 'எறிவலை'யெல்லாம் வேண்டாம், வீச்சுவலை இருக்கிறதே. அதன் விளிம்பில் கோக்கும் ஈயக்குண்டுகளுக்கும், அதைச் சுருக்கும் கயிறுகளுக்கும் உங்கள் ஊரில் என்ன பெயர்? கடற்கரைப் பக்கத்தவர்கள் எழுதினால் அவற்றையும் இந்தப் பட்டியலிலேயே சேர்த்துவிடலாம்.