பழைய எஸ்எஸ்டியை வேறு லேப்டாப்பில் போட்டபின் திரை 1024-ஐத் தாண்டவில்லை: பேனலையே மாற்ற வேண்டுமா?

குமுளி மலைச்சரக்கு:
வணக்கம். குமுளியில் ஏலக்காய் கொள்முதல் கடை வைத்திருக்கிறேன். ரசீதும் கணக்கும் லினக்ஸ் மின்ட் 21 என்ற இயங்குதளத்தில் ஓடுகின்றன. துலா மாத இடியில் லேப்டாப்பின் மதர்போர்டு போய்விட்டது. எல்லாம் பதிந்திருந்த எஸ்எஸ்டி வட்டு மட்டும் பிழைத்தது. ஏஎம்டியின் ரைசன் 5 3500யூ பிராசஸர் உள்ள பழைய லேப்டாப் ஒன்றை வாங்கி அதில் மாட்டினேன். முந்தையதில் இன்டெல் பிராசஸரும் என்விடியா கிராபிக்ஸ் கார்டும் இருந்தன.

மின்ட் சின்னம் வரும், பிறகு ஒரே கறுப்பு. பழுது பார்க்கும் கடையில் ஏதோ செய்து படம் வரவழைத்துக் கொடுத்தார்கள். ஆனால் 1024×768-க்கு மேல் ஏறவில்லை, எழுத்தெல்லாம் அகலமாக இழுபட்டிருக்கிறது. திரையின் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியவில்லை. எச்டிஎம்ஐ மானிட்டர் இருப்பதே அதற்குத் தெரியவில்லை. பேனல் கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா?

போடி வடக்கு:
எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுங்கள். அரை மணி நேர வேலை.

குமுளி மலைச்சரக்கு:
நிறுவ அரை மணி நேரம் சரி. தமிழ், மலையாள விசைப்பலகைகள், ரசீது பிரிண்டர், கணக்கு மென்பொருள் என்று எல்லாவற்றையும் மறுபடி அமைக்க வேண்டுமே. புற்றடியில் ஏலக்காய் ஏலம் நடக்கும் வாரத்தில் கடையை மூடிவிட்டு உட்கார முடியாது.

கம்பம் தம்பி:
அண்ணே, பேனலுக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள். மின்ட் பென்டிரைவ் ஒன்றிலிருந்து நிறுவாமல் லைவாக ஏற்றிப் பாருங்கள். படம் தெளிவாக வந்தால் பேனலிலும் கேபிளிலும் குறையில்லை. அப்படியே உங்கள் மின்ட்டில் டெர்மினலைத் திறந்து ‘இன்க்சி -ஜி’ என்று அடித்து, என்ன வருகிறது என்று சொல்லுங்கள்.

குமுளி மலைச்சரக்கு:
பென்டிரைவில் 1920×1080 கண்ணாடி மாதிரி வருகிறது! வெளிச்சமும் கூடிக் குறைகிறது. எஸ்எஸ்டியில் ஏற்றி இன்க்சி அடித்தால் டிரைவர் ‘வெசா’ என்றும், ரெண்டரர் ‘எல்எல்விஎம்பைப்’ என்றும் காட்டுகிறது.

கம்பம் தம்பி:
வெசா என்பது எந்தக் கார்டுக்கும் பொதுவான அடிப்படை டிரைவர், எல்எல்விஎம்பைப் என்பது பிராசஸரை வைத்தே படம் வரையும் மென்பொருள். அப்படியென்றால் கிராபிக்ஸ் சிப் சும்மா இருக்கிறது, படம் வரையும் வேலை முழுவதும் பிராசஸர் தலையில். விசிறி ஓயாமல் ஓடுமே? லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப் நிரலின் அமைப்புக் கோப்பில் ‘நோமோட்செட்’ என்ற சொல் இருக்கும். கர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, திரையை ஆளவிடாமல் தடுப்பது அதுதான். அதை எடுத்துவிட்டு ‘அப்டேட்-கிரப்’ ஓட்டி ரீஸ்டார்ட் செய்யுங்கள். அந்தச் சொல் இருக்கும்வரை ஏஎம்டி டிரைவர் ஏறவே ஏறாது. வெளிச்ச விசையும் எச்டிஎம்ஐயும் அந்த டிரைவரை நம்பித்தான் இருக்கின்றன.

குமுளி மலைச்சரக்கு:
எடுத்தேன். மறுபடியும் முழுக் கறுப்பு. இருந்ததும் போயிற்று, தம்பி.

செங்கோட்டை சிஸ்டம்:
பயப்பட வேண்டாம் சார், இது நல்ல அறிகுறி. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்துத் திரை வரும். உள்ளே நுழைந்து ‘ஈடிசி’யின் கீழுள்ள ‘எக்ஸ்11’ அடைவைப் பாருங்கள். எந்தத் திரை டிரைவரை எடுக்க வேண்டும் என்று சொல்லும் ‘எக்ஸ்ஆர்க்.கான்ஃப்’ என்ற கோப்பு இருந்தே தீரும்.

நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். என்விடியாவுக்காக எழுதிய அந்தக் கோப்பு எஸ்எஸ்டியோடு வந்தது. இல்லாத கார்டைத் தேடியதால் முதல் கறுப்பு. கடையில் ‘என்விடியா’ என்பதை ‘வெசா’ என்று திருத்தி, கூடவே நோமோட்செட்டும் சேர்த்திருக்கிறார்கள். படம் வந்தது, அவர்கள் வேலை முடிந்தது. ஆனால் கர்னல் தானே திரையை ஆளத் தொடங்கினால் வெசா டிரைவர் ஓட மறுத்துவிடும். தம்பி சொன்னது சரி. ஒன்றை மட்டும் எடுத்தால் மற்றது மல்லுக்கு நிற்கும். இரண்டையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

அந்தக் கோப்பை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றிவையுங்கள். திரையில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் சர்வருக்கு இன்று அப்படி ஒரு கோப்பு தேவையில்லை, கார்டைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். பிறகு மென்பொருள்களை நிறுவவும் நீக்கவும் உதவும் ‘ஆப்ட்’ கட்டளை மூலம் என்விடியா பொதிகளை நீக்குங்கள். வேறு எதையெல்லாம் சேர்த்து நீக்கப்போகிறது என்ற பட்டியலைப் படிக்காமல் ‘ஒய்’ அடிக்காதீர்கள்.

குமுளி மலைச்சரக்கு:
வந்துவிட்டது சார்! 1920×1080. விசிறிச் சத்தமும் அடங்கியது, வெளிச்சமும் மாறுகிறது. பேனலுக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்பக் கேட்கப் போகிறேன். தம்பிக்கும் நன்றி.

ஒன்று மட்டும் பாக்கி. எச்டிஎம்ஐ மானிட்டர் இப்போது தெரிகிறது, ஆனால் வாடிக்கையாளர் பக்கம் எடை காட்டும்படி தானாக விரியவில்லை. அதற்கு, திரைகளை அமைக்கும் ‘எக்ஸ்ரேண்டர்’ கட்டளை ஒன்றைத் தொடக்கத்திலேயே ஓட வைத்திருந்தேன்.

செங்கோட்டை சிஸ்டம்:
அதில் மானிட்டர் பெயர் ‘எச்டிஎம்ஐ-0’ என்று இருக்கிறதா? ஏஎம்டி டிரைவர் அதையே ‘எச்டிஎம்ஐ-ஏ-0’ என்று அழைக்கும். லேப்டாப் திரையின் பெயரும் மாறியிருக்கலாம். வெறுமனே ‘எக்ஸ்ரேண்டர்’ என்று அடித்தால் இப்போதைய பெயர்கள் வரும். அவற்றைக் கட்டளையில் மாற்றிப் போடுங்கள்.

குமுளி மலைச்சரக்கு:
ஏ-0 தான். மாற்றினேன், விரிகிறது.