காடு, சதுப்பு, மலை: எந்த எடத்துக்கு எந்த மான்ஸ்டர்?

பகடைப்பித்தன்:
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி ஆடுற கதை விளையாட்டு) 5வது எடிஷன் ஆடுறோம், நான்தான் டிஎம் (கதையையும் மான்ஸ்டரையும் நடத்துறவன்), ஆடுறவங்க நாலு பேர், எல்லாரும் லெவல் 3. அடுத்த செஷன்ல சதுப்பு தாண்டி மலை ஏறப் போறாங்க. 2014 டிஎம் கைட் கடைசில நிலவாரியா மான்ஸ்டர் லிஸ்ட் இருக்குல்ல, ஆர்க்டிக், காடு, சதுப்பு, அண்டர்டார்க் (பூமிக்கடி குகை உலகம்)னு, அதைப் பாத்துதான் எடுக்குறேன், ஆனா எங்க சண்டை வந்தாலும் ஒரே மாதிரி இருக்குன்னு பசங்க சொல்றாங்க. எங்க தப்பு பண்றேன்?

சேத்துக்கால்:
லிஸ்ட்ல தப்பில்ல ப்ரோ, அந்த எடத்தால மான்ஸ்டருக்கு என்ன லாபம்னு பாத்து எடுங்க. சதுப்புக்கு மூணு முதலை போதும். தலைக்கு 100 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), மூணுக்கு 300, மூணு சேந்து வர்றதால அதை ரெண்டால பெருக்கினா 600, உங்க பார்ட்டிக்கு சரியா மீடியம் கஷ்டம். முட்டியளவு தண்ணில நடந்து வர்றவன் கால ஒண்ணு கவ்வும், கவ்வின கையோட அதே டர்ன்ல ஆழத்துக்கு இழுக்கும், ஆளை இழுத்தா வேகம் பாதி, 30 அடி நீச்சல் 15 ஆகும், அதுவே போதும். கடிபட்டவன் ரிஸ்ட்ரெய்ண்ட் (கட்டுண்ட நிலை), எதை வச்சு அடிச்சாலும் டிஸ்அட்வான்டேஜ்தான், அதாவது பகடைய ரெண்டு தடவ உருட்டி கம்மியானதை எடுக்கணும். காப்பாத்த குதிக்கிறவன் லாங்ஸ்வார்டோட போனா தண்ணிக்குள்ள அவனுக்கும் அதே கதி, டாகரோ ஸ்பியரோ இருந்தா இல்ல. எங்க ஆட்டத்துல ஃபைட்டர் பெரிய வாளை கரைல போட்டுட்டு, அதுவரைக்கும் தொடாத டாகரை உருவிட்டு குதிச்சான், இன்னிக்கும் அதைப் பத்திதான் பேசுறாங்க.

பகடைப்பித்தன்:
செம! ஆனா உள்ள இழுத்தா ஆள் மூச்சு முட்டி செத்துட மாட்டானா?

சேத்துக்கால்:
மாட்டான், கான் மாடிஃபையரோட (உடம்பு தாங்குற சக்திக்கான எண்) ஒண்ணு கூட்டினா வர்ற அத்தனை நிமிஷம் மூச்சடக்கலாம், சண்டையே ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும். முதலை பிடில இருந்து விடுபட டிசி 12தான், அதாவது பகடைல கூட்டல் எண்ணும் சேத்து 12 வந்தா போதும்.

உச்சிக்காத்து:
மலைக்கு ஹார்பி (பாடி மயக்குற, றெக்கை வச்ச மான்ஸ்டர்) ரெண்டு. பாட்டு 300 அடிக்கு கேக்கும், சேவ் (தப்பிக்கப் போடுற பகடை) தவறினவன் நேரா அதைப் பாத்து நடப்பான், நடுவுல பள்ளம் இருந்தாலும். ஆனா பள்ளத்துல கால வைக்கறதுக்கு முன்னாடி இன்னொரு சேவ் உண்டு, அதை மறக்காம குடுங்க, நிறைய டிஎம் அதை விட்டுடறாங்க, அப்படி ஒரு கேரக்டர் செத்தா ஆடுறவங்களுக்கு உண்மையிலேயே மனசு விட்டுப்போகும். காட்டுக்கு ஜெயன்ட் ஸ்பைடர், ஆனா தரைல வைக்காதீங்க, மரத்து மேல வைங்க.

சேத்துக்கால்:
இன்னொண்ணு, முதலை வர்றதுக்கு முன்னாடியே தடயம் காட்டிடுங்க. சேத்துல வயிறு இழுத்துட்டுப் போன தடம் கரைல இருந்து தண்ணிக்குள்ள எறங்குது, திரும்பி வந்த தடம் இல்லைன்னு மட்டும் சொல்லிட்டு நிறுத்துங்க.