கவர் பாடல்: பயிற்சியா, இரவல் கைதட்டலா?

செம்பூர் கீபோர்டு:
போன ஞாயிறு மும்பை மாட்டுங்காவில் எங்கள் இசைக்குழுவின் நிகழ்ச்சி. சொந்தப் பாடல்கள் இரண்டு வாசித்தோம். கூட்டம் வடை வாங்கப் போய்விட்டது. பழைய திரைப்பாடல் ஒன்றைத் தொடங்கியதும் வடையும் கையுமாகத் திரும்பி வந்தது. இனி கவர் பாடல்களை, அதாவது பிறர் ஏற்கெனவே பாடியவற்றை நாங்கள் மறுபடி பாடுவதை, மட்டும் பதிவு செய்து யூடியூபில் ஏற்றலாம் என்கிறார் எங்கள் பாடகர். நான் மறுக்கிறேன். அந்தக் கைதட்டல் மெட்டுக்கு விழுந்தது, எங்களுக்கு அல்ல.

சயான் மாமி:
தியாகராஜர் மறைந்தது 1847இல். சண்முகானந்தா அரங்கில் இன்றும் அவர் கீர்த்தனைகளைத்தான் கேட்கிறோம். பாடுகிறவரை இரவல் குரல் என்று யாராவது சொன்னதுண்டா?

செம்பூர் கீபோர்டு:
கீர்த்தனையில் ஒரு வரியை விதவிதமாக விரிக்கும் நிரவலும், ஸ்வரங்களைக் கற்பனையாகக் கோக்கும் கல்பனாஸ்வரமும் இருக்கின்றன, மாமி. பாடுகிறவர் யார் என்பது அங்கே தெரிந்துவிடும். எங்கள் பாடகர் கரோக்கியை, அதாவது குரல் நீக்கிய பின்னணி இசையை, இணையத்திலிருந்து இறக்கி, சுருதியை அரைக் கட்டை குறைத்து, அதன்மேல் பாடுகிறார். மூச்சு வாங்கும் இடம்கூட மூலப் பாடகருடையது!

தாராவி தபேலா:
குற்றம் கரோக்கியினுடையது, கவர் பாடலினுடையது அல்ல. ஒரு பாட்டின் இடையிசையை முழுதாக நாங்களே வாசிக்க உட்கார்ந்தோம். பதினோரு நொடிக்கு நான்கு இரவுகள் போயின. சிறுவயதிலிருந்து தபேலா என்று நான் நம்பியது, ஹெட்போனில் கேட்டால் தபேலாவும், இருபுறமும் தட்டும் டோலக் மேளமும்! டோலக் ஒரு மயிரிழை பிந்தி விழுகிறது; அந்தப் பிந்தலில்தான் பாட்டே ஆடுகிறது. இதை எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை.

சயான் மாமி:
அப்படிச் சொல்லுங்கள், தம்பி. இந்திப் பாடகர் சோனு நிகமும் தொடக்கத்தில் பழைய பாடகர் முகமது ரஃபியின் பாடல்களை மறுபடி பாடிப் பதிவு செய்தவர்தானே? டி சீரிஸ் இசை நிறுவனம் வளர்ந்ததே பழைய பாடல்களைப் புதுக் குரல்களில் மலிவான கேசட்டாக விற்றுத்தான்.

செம்பூர் கீபோர்டு:
சோனு நிகம் பெயர் நினைவிருக்கிறது. அதே கேசட்டுகளில் பாடிய மற்றவர்களில் எத்தனை பேரைச் சொல்வீர்கள்?

ஃபோர்ட் வக்கீல்:
சட்டத்தை ஒருவரும் தொடவில்லையே. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் 31சி பிரிவு சேர்ந்தது. அதன்படி கவர் பதிவு செய்ய, முதல் ஒலிப்பதிவு நடந்த ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான உரிமைத்தொகையை முன்கூட்டியே கட்ட வேண்டும். மெட்டிலும் வரியிலும் விருப்பப்படி கைவைக்க முடியாது. மூலப் பாடகரின் பெயரோ படமோ உறையில் வரக்கூடாது. உரிமையாளரே நேரடியாக அனுமதி கொடுத்தால் கதை வேறு. காணொளியோடு ஏற்றுவதற்குத் தனி அனுமதி தேவைப்படும்.

தாராவி தபேலா:
50,000 பிரதிகளா! எங்கள் குழுவின் உறவினர்களை எல்லாம் சேர்த்தாலும் ஐந்நூறு தேறாது. பெரிய நிறுவனங்களை மனத்தில் வைத்து எழுதிய சட்டம் இது.

ஃபோர்ட் வக்கீல்:
மெட்டமைத்தவருக்குப் பணம் போக வேண்டாமா? அமெரிக்கப் பாடகி டாலி பார்ட்டன் தானே எழுதி 1974இல் வெளியிட்ட ஒரு பாட்டை 1992இல் இன்னொரு பாடகி விட்னி ஹூஸ்டன் பாடினார். எழுதியவர் என்ற முறையில் டாலிக்கும் பெரும் தொகை சேர்ந்தது. அங்கே கவர் பாடலால் யாருக்கும் வயிற்றெரிச்சல் இல்லை.

செம்பூர் கீபோர்டு:
வக்கீல் ஐயா, படம் வரக்கூடாது என்றதைப் படித்துவிட்டு எங்கள் சேனலைத் திறந்தேன். ஏற்கெனவே போட்ட மூன்று கவர் பாடல்களின் முகப்பிலும் மூலப் பாடகரின் புகைப்படம், எங்கள் பாடகரின் முகத்தைவிடப் பெரிதாக. மூன்றையும் நீக்கிவிட்டேன். பாடகர் என்னோடு பேசுவதில்லை. தபேலாக்காரரே, உங்களிடம் டோலக் இருக்கிறதா? கரோக்கி இல்லாமல் ஒன்றை வாசித்துப் பார்க்கலாம்.

தாராவி தபேலா:
இருக்கிறது. நான்கு இரவுகள் ஒதுக்கிவையுங்கள்.